யாரும் படிக்காத பாராமீட்டர்: ஜிடிபியில் ஒன்றை எடுக்க எந்த வழி?

ஜிடிபி என்பது ப்ரோகிராமில் பிழை தேட உதவும் டிபக்கர். அதன் மூலநிரலில் ‘டிஸ்ப்ளேஸ்டு ஸ்டெப் எச்டபிள்யூ சிங்கிள்ஸ்டெப்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயர்தான் நீளம், வேலை ரொம்பச் சின்னது. ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு பதில் சொல்லும், அவ்வளவுதான்.

கேள்வி என்ன என்றால்: பல த்ரெட் (ஒரே நேரத்தில் நடக்கும் தனித்தனி ஓட்டங்கள்) ஓடும் ப்ரோகிராமில் ஒரு பிரேக்பாயின்ட்டை (ஓட்டம் நிற்க வேண்டும் என்று நாம் குறித்த இடத்தை) தாண்டிப் போக வேண்டும். பிரேக்பாயின்ட்டைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு அங்கிருக்கும் அசல் இன்ஸ்ட்ரக்‌ஷனை ஓட்டினால், அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் அதே இடத்தை நிற்காமல் கடந்துவிடும். அதனால் ஜிடிபி அந்த ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனை நினைவகத்தில் வேறொரு மூலைக்குப் பிரதி எடுத்து, அங்கே வைத்து ஓட்டிவிட்டுத் திரும்புகிறது. அப்படி ஓட்டும்போது ப்ராசசரே தரும் ‘ஒரு அடி மட்டும் போ’ வசதியைப் பயன்படுத்தலாமா, கூடாதா? இதற்குத்தான் அந்த ஆமாம் அல்லது இல்லை.

2020 வரை இந்த ஃபங்ஷனுக்கு ‘க்ளோஷர்’ என்றொரு பாராமீட்டர், அதாவது அழைப்பவர் கொடுக்கும் உள்ளீடு, போய்க்கொண்டிருந்தது. பிரதி எடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷன் எது, அதைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியவை என்னென்ன என்ற மூட்டை அது. பழைய விளக்கக் குறிப்பும் ‘இந்த க்ளோஷர் குறிக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு’ என்றே பேசியது. ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கும் பதில் மாறலாம் என்று ஆரம்பத்தில் நினைத்திருக்கிறார்கள் என்பது அந்த வாசகத்திலேயே தெரிகிறது. நடந்தது வேறு. பவர்பிசி, எஸ்390, ஏஆர்ச்64 என்று எந்த ப்ராசசர் வகைக்கு யார் எழுதினாலும், மூட்டையைப் பிரிக்காமலேயே ‘ஆமாம்’ என்றார்கள். ப்ராசசர் வகைக்கு ஒரு பதில் போதுமாக இருந்தது. கடைசியில் அந்தப் பாராமீட்டரை எடுத்துவிட்டார்கள்.

கல்யாணப் பந்தியில் வராத விருந்தாளிக்கும் சேர்த்து இலை போட்டுக்கொண்டே இருப்பது மாதிரி. ஓர் இலை பெரிய செலவில்லை. ஆனால் பந்திக்குப் பந்தி யாராவது ஒருவர் ‘இது யாருக்கு?’ என்று கேட்டு நிற்பார்.

இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் நம் முன் இருக்கும் வழிகள் நான்கைந்து. அப்படியே விடலாம். ஒரே கமிட்டில் (நிரல் வரலாற்றில் பதிவாகும் ஒரே மாற்றத்தில்) வேரோடு பிடுங்கலாம். புதிய ஃபங்ஷனைப் பக்கத்தில் நட்டு, அழைப்பவர்களை மெல்ல நகர்த்தலாம். இயல்பு மதிப்பு கொடுத்து மறைக்கலாம். அல்லது அந்தப் பாராமீட்டரை வேறு ஏதாவதாக மாற்றிவிடலாம். எது சரி என்பதை ஃபங்ஷனைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, அதை அழைப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. அழைப்பவர் எல்லோரும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் ஒரே வெட்டு. ஒருவர்கூடக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தால் கதையே வேறு.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பயன்படாத பாராமீட்டரும் காலாவதியான பாராமீட்டரும் ஒன்றல்ல. பார்க்க இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், அதுதான் தொல்லை.

2014-இல் ஜிடிபியின் டார்கெட் அடுக்கில் இதற்கு நல்ல உதாரணம் நடந்தது. டார்கெட் என்பது ஜிடிபி யாரோடு பேசுகிறதோ அது: உள்ளூர் ப்ராசஸ், தொலைவில் இருக்கும் போர்டு, விழுந்த ப்ரோகிராமின் நினைவகப் பிரதியான கோர் கோப்பு எதுவாகவும் இருக்கலாம். அப்போது நிரல் இன்னும் சி மொழியில்தான் இருந்தது. டார்கெட் அட்டவணையில் இருந்த ஃபங்ஷன்களுக்கு ‘செல்ஃப்’ என்று ஒரு முதல் பாராமீட்டரை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள், ஃபங்ஷனுக்கு ஒரு பேட்ச் என்ற கணக்கில். சேர்த்த அன்று பல ஃபங்ஷன்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த நாளில் ஒரு துப்புரவு ஆர்வலர் உள்ளே வந்து ‘இதெல்லாம் பயன்படாதது’ என்று எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2018-இல் டார்கெட்டுகள் சி++ கிளாஸ்களாக மாறின. அந்த ‘செல்ஃப்’ எல்லாம் சத்தமில்லாமல், சி++ தானாகவே கொடுக்கும் ‘திஸ்’ ஆகி, பாராமீட்டர் பட்டியலிலிருந்தே மறைந்தன. அதாவது நாலு வருஷம் காத்திருந்த பாராமீட்டர் அது.

வரப்போகிறவருக்குப் போட்ட இலையும், வராமல் போனவருக்குப் போட்ட இலையும் வெறும் இலைதான். வித்தியாசம், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் வரலாற்றில்தான் தெரியும். ஜிடிபி 2013-இல்தான் சிவிஎஸ் என்ற பழைய கருவியிலிருந்து கிட்டுக்கு வந்தது என்றாலும், பழைய வரலாறும் கூடவே வந்திருக்கிறது. அந்தப் பெயர் எப்போது உள்ளே வந்தது, கடைசியாக எந்தக் கமிட்டில் அதைப் படிக்கும் வரி போனது என்று தேடிப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். கடைசிப் படிப்பு ஒரு மறுசீரமைப்பில் போயிருந்தால் அது காலாவதி. ஒருபோதும் படிக்கப்படவே இல்லை என்றால், யாரோ எதற்கோ சேர்த்திருக்கிறார்கள், அந்தத் திட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

சரி, காலாவதி என்று உறுதியாகிவிட்டது. இனி வழிகள்.

அப்படியே விடுவது என்பதைச் சோம்பேறித்தனம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஜிடிபியில் அது ஒரு முறையான தேர்வு. கமாண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பிரேக்’, ‘ரன்’, ‘டெலீட்’ என்று பயனர் தட்டும் கமாண்டுகளை நிறைவேற்றும் ஃபங்ஷன்கள் எல்லாம் ஒரே அச்சு: தட்டிய சொற்கள் ஒரு பாராமீட்டர், ‘ஃப்ரம் டிடிஒய்’ இன்னொரு பாராமீட்டர். இரண்டாவது, கமாண்ட் மனிதர் கையால் நேரடியாக வந்ததா, ஸ்கிரிப்டிலிருந்து வந்ததா என்று சொல்லும். நூற்றுக்கணக்கான கமாண்ட் ஃபங்ஷன்களில் பெரும்பகுதி அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனாலும் அவை அட்டவணையில் ஃபங்ஷன் சுட்டியாக, அதாவது ஃபங்ஷனின் முகவரியாக, உட்கார்ந்திருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே வடிவம் வேண்டும். தனி ஒரு ஃபங்ஷனிலிருந்து அதை எடுக்க முடியாது. எடுத்தால் எல்லோரிடமிருந்தும் எடுக்க வேண்டும்.

எல்லோரிடமிருந்தும் எடுத்தால்தான் என்ன என்று ஓர் ஆசை வரும். எனக்கும் வந்தது. காரணம், கேள்வி கேட்கும் ‘க்வெரி’ ஃபங்ஷனே உள்ளீடு டெர்மினலிலிருந்து வருகிறதா என்று தானாகப் பார்த்துக்கொள்கிறது. பைப் வழியாக (இன்னொரு ப்ரோகிராமின் வெளியீட்டை உள்ளீடாகக் கொடுத்து) ஜிடிபியை ஓட்டியவர்கள் எல்லோரும் அந்த வரியைப் பார்த்திருப்பார்கள்: உள்ளீடு டெர்மினலிலிருந்து வரவில்லை, எனவே ‘ஒய்’ என்று பதில் வைத்துக்கொண்டேன் என்று அது தானே சொல்லிக்கொள்ளும். அப்படியானால் ‘ஃப்ரம் டிடிஒய்’ எதற்கு? ‘டெலீட்’ கமாண்டின் உள்ளே போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கும். கையால் வெறும் ‘டெலீட்’ என்று தட்டினால் எல்லா பிரேக்பாயின்ட்டையும் அழிக்கவா என்று கேட்கும். ஸ்கிரிப்டிலிருந்து வந்தால் கேள்வியே இல்லாமல் அழிக்கும். டெர்மினலில் உட்கார்ந்துகொண்டே ‘சோர்ஸ்’ கமாண்டால் ஒரு கோப்பை ஓட்டினால்? உள்ளீடு டெர்மினல்தான், ஆனால் ‘ஃப்ரம் டிடிஒய்’ பூஜ்யம். இரண்டும் ஒரே கேள்வி இல்லை. ஆக இது காலாவதியான பாராமீட்டரே இல்லை. பல வீடுகளில் ஆள் இல்லாத தெரு, அவ்வளவுதான்.

இந்த மாதிரி இடத்தில் விட்டுவைப்பதே சரி. சி++ மொழியில் பெயர் போடாமல் வகையை மட்டும் எழுதி விட்டுவிடலாம். படிப்பவருக்கு ‘இங்கே இது வேண்டாம்’ என்று புரிந்துவிடும். சி மொழியில் ஃபங்ஷன் வரையறையில் இப்படிப் பெயரில்லாமல் விடுவதற்கு சி23 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கம்பைலரே சொல்லித்தருமே என்று சிலர் நினைப்பார்கள். சொல்லாது. ஜிசிசி கம்பைலரின் ‘டபிள்யூ-ஆல்’ கொடியின் பெயரில் ‘எல்லாம்’ இருக்கிறதே தவிர, பயன்படாத பாராமீட்டர் அதில் அடங்காது. ‘எக்ஸ்ட்ரா’ கொடியையும் சேர்க்க வேண்டும், அல்லது தனியாகக் கேட்க வேண்டும். ஜிடிபியோ பயன்படாதவை பற்றிய எச்சரிக்கைகளை மொத்தமாக அணைத்துவிட்டு, மாறிகள், மதிப்புகள், ஃபங்ஷன்கள் என்று வேண்டியதை மட்டும் திரும்ப ஏற்றிக்கொள்கிறது. மேலே சொன்ன கமாண்ட் ஃபங்ஷன்களை நினைத்தால் அது நியாயம்தான். ஒவ்வொரு கம்பைலுக்கும் ஆயிரம் எச்சரிக்கை வந்தால் யார் படிப்பார்கள்?

அடுத்தது ஒரே கமிட்டில் எடுப்பது. க்ளோஷர் விஷயத்தில் நடந்தது இதுதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். அன்றைக்கு ப்ராசசர் சார்ந்த ஃபங்ஷன்களின் பட்டியல் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் இருந்தது. பிறகு பைத்தானுக்கு மாறிவிட்டது. பட்டியலில் ஒரு வரியைத் திருத்தி, தலைப்புக் கோப்பையும் நிரல் கோப்பையும் மறுபடி உருவாக்கினால், பழைய வடிவில் எழுதப்பட்ட ஒவ்வொரு ப்ராசசர் கோப்பும் கம்பைலரிடம் மாட்டும். அதைப் பிடித்துக்கொண்டே போய்த் திருத்திவிடலாம்.

இந்த வசதி இலவசமாக வந்ததில்லை. சி மொழியில் ஃபங்ஷன் சுட்டியின் வடிவம் பொருந்தாவிட்டால் ஜிசிசி ரொம்ப காலம் எச்சரிக்கை மட்டும்தான் கொடுத்தது. 2024-இல் வந்த ஜிசிசி 14-இல்தான் அது இயல்பாகவே பிழை ஆனது. சி++ மொழியில் அது என்றைக்குமே பிழை. ஜிடிபி 2017-இல், 8.0 பதிப்பில், சி++11 கம்பைலர் கட்டாயம் என்று அறிவித்ததை அந்தக் காலத்தில் பலர் முணுமுணுத்தபடிதான் ஏற்றார்கள். இந்த மாதிரித் துப்புரவு வேலைக்கு உட்காரும்போது அதன் அருமை தெரியும்.

ஆனால் கம்பைலர் தலையாட்டினால் வேலை முடிந்தது என்று நம்பக் கூடாது. அது கண் அசரும் இடங்கள் நாலு இருக்கின்றன. இந்த முடிவில் நிஜமாக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

முதலாவதில் நானே விழுந்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஜிடிபியின் உள்பிரதி ஒன்றை வைத்திருந்தோம். அதில் நாங்களே சேர்த்த ஒரு ஃபங்ஷனுக்கு மூன்று பாராமீட்டர்: கோப்பின் பெயர், ‘ஃப்ரம் டிடிஒய்’, ‘வெர்போஸ்’. மூன்றாவதைக் கொடுக்காவிட்டால் அது பூஜ்யம். நடுவில் இருந்ததை யாரும் படிக்கவில்லை, எடுத்தேன். மூன்று மதிப்பு கொடுத்து அழைத்த இடங்கள் கம்பைலில் விழுந்தன, திருத்தினேன். இரண்டு மதிப்பு கொடுத்து அழைத்த இடங்கள்? ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கம்பைல் ஆயின. முன்பு ‘ஃப்ரம் டிடிஒய்’ ஆக இருந்த ஒன்று இப்போது ‘வெர்போஸ்’ இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பயனர் கையால் தட்டும்போது மட்டும் திரையில் தேவையில்லாத வரிகள் கொட்டின. டெஸ்ட்டுகளில் ‘ஃப்ரம் டிடிஒய்’ பூஜ்யமாகவே போனதால் எல்லாம் பச்சை. கண்டுபிடிக்க இரண்டு நாள்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பாராமீட்டரை எடுக்கும்போது ஃபங்ஷனின் பெயரையும் தற்காலிகமாக மாற்றிவிடுவேன், வாலில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும். அப்போது எல்லா அழைப்பும், விதிவிலக்கே இல்லாமல், கம்பைலில் விழும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்திவிட்டு, கடைசியில் பழைய பெயரைத் திருப்பி வைப்பேன். எண்ணும் பூலியனும் சுட்டியும் ஒன்றோடொன்று கலந்துபோகும் மொழியில் இதைத் தவிர நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது இடம் இன்னும் நுட்பமானது. பாராமீட்டரை ஃபங்ஷன் படிக்கவில்லை, சரி. ஆனால் அழைப்பவர் அந்த மதிப்பை எப்படித் தயாரித்தார்? ஜிடிபியில் ‘கெட் கரென்ட் ஃப்ரேம்’ என்று ஒன்று உண்டு. ப்ரோகிராம் இப்போது எந்த ஃபங்ஷனுக்குள் நிற்கிறது என்ற தகவலை, அதாவது ஃப்ரேமை, எடுத்துத் தரும். ப்ரோகிராம் ஓடவே இல்லை என்றால் அது மதிப்பு எதையும் தராது, ‘ரெஜிஸ்டர் இல்லை’, ‘ஸ்டாக் இல்லை’ என்று பிழையை வீசி மொத்தக் கமாண்டையும் அங்கேயே நிறுத்திவிடும். ஒரு ஃபங்ஷனுக்கு அதன் விடையை ஆர்க்யுமென்ட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று வையுங்கள். ஆர்க்யுமென்ட்டை எடுத்தால் அந்தக் காவலும் சேர்ந்து போகும். ப்ராசஸ் இல்லாத நேரத்தில் முன்பு நாகரிகமாக ‘ஸ்டாக் இல்லை’ என்று சொன்ன கமாண்ட், இப்போது உள்ளே போய் எங்கோ விழும். பாராமீட்டரைப் படிக்காவிட்டாலும் அதன் பக்கவிளைவை நம்பி வாழ்ந்திருக்கிறது அந்த ஃபங்ஷன். எடுக்கும் முன் ஒவ்வொரு அழைப்பிலும் ‘இந்த மதிப்பைத் தயாரிப்பதில் ஏதாவது நடக்கிறதா?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நடக்கிறது என்றால் அந்தக் காவலைத் தனி வரியாக வெளியே எழுதுங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஃப்ரேமைக் கண்டுபிடிக்க ரெஜிஸ்டர்களைப் படிக்க வேண்டும். சீரியல் கேபிளின் மறுமுனையில் போர்டு இருந்தால் அது போக்குவரத்து. யாரும் படிக்காத மதிப்புக்காக ஒவ்வொரு முறையும் போர்டைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது நின்றால் லாபம்தான்.

மூன்றாவது, நாம் கம்பைல் செய்யாத கோப்புகள். ‘எனேபிள் டார்கெட்ஸ் ஆல்’ என்று கட்டினால் எல்லா ப்ராசசர்களுக்கும் உரிய ‘டிடெப்’ கோப்புகள் உள்ளே வந்துவிடும். ஆனால் இயங்குதளத்தோடு நேரடியாகப் பேசும், ‘நேட்’ என்று முடியும் கோப்புகள் அப்படி வராது. விண்டோஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ், ஏஐஎக்ஸ் ஆகியவற்றுக்கு உரிய ‘நேட்’ கோப்புகள் அந்தந்த இயங்குதளத்துக்காகக் கட்டும்போதுதான் கம்பைல் ஆகும். லினக்ஸ் பெட்டியில் எல்லாம் சுத்தமாகக் கட்டப்பட்டது என்று பேட்சைச் சேர்த்துவிட்டு, மறுநாள் காலையில் ஏஐஎக்ஸ்காரரிடமிருந்து ஒரு கடிதம் வரும். லினக்ஸிலிருந்தே விண்டோஸுக்குக் கட்டும் மிங்டபிள்யூ கிராஸ் கம்பைலர் வைத்து விண்டோஸ் கோப்பை மட்டுமாவது சரிபார்க்கலாம். மீதிக்குத் தேடல் கருவியும் கண்ணும்தான். தொலைவில் இருக்கும் இயந்திரத்தில் ஓடும் ஜிடிபிசர்வரை மறக்காதீர்கள், 2020-இல் அது ஜிடிபி அடைவிலிருந்து வெளியே வந்து தனி அடைவாக உட்கார்ந்துவிட்டது, பழைய பழக்கத்தில் ஜிடிபி அடைவுக்குள் மட்டும் தேடுபவர் அதைத் தவறவிடுவார்.

நாலாவது, விர்ச்சுவல் ஃபங்ஷன்கள். தாய் கிளாஸில் பாராமீட்டரை எடுத்துவிட்டு, ஒரு சேய் கிளாஸில் மறந்துவிட்டால், சேயின் ஃபங்ஷன் தாயுடையதை மாற்றி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தனியே ஒரு புது ஃபங்ஷனாக நின்றுவிடும். யாரும் அதை அழைக்க மாட்டார்கள், பிழையும் வராது. ‘ஓவர்ரைடு’ என்ற சொல் எழுதப்பட்டிருந்தால் மட்டும் கம்பைலர் பிடிக்கும். ஜிடிபியில் அந்தச் சொல்லை விட்டுவிட்டால் எச்சரிக்கும் கொடியையும் ஏற்றி வைத்திருப்பதால் இந்த ஓட்டை அநேகமாக அடைபட்டுவிட்டது. உங்கள் நிரலில் அந்தக் கொடி இல்லையென்றால் துப்புரவுக்கு முன் அதை ஏற்றுங்கள்.

மூன்றாம் வழி, படிப்படியாக நகர்த்துவது. பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே புதியதை எழுதுவது, அழைப்பவர்களைப் பத்துப் பத்தாக மாற்றுவது, கடைசியில் பழையதை அழிப்பது. கேட்க நிதானமான, பொறுப்பான வழியாகத் தெரியும். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு, அதற்கு ஜிடிபியின் வரலாறே காரணம். 2000-களின் தொடக்கத்தில், இனி யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று முடிவான ஃபங்ஷன்களின் பெயருக்கு முன்னால் ‘டெப்ரிகேட்டட்’ என்று ஒட்டும் வழக்கம் வந்தது. நோக்கம் நல்லது. பெயரைப் பார்த்ததுமே கை பின்வாங்கும், புதிதாக யாரும் அழைக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெயர்களில் சில பத்துப் பதினைந்து வருஷம் தாண்டியும் நிரலில் நின்றன. சிலவற்றுக்குக் காரணம் இருந்தது: ‘இன்சைட்’ என்ற வரைகலை முகப்பு ஜிடிபிக்கு வெளியே இருந்துகொண்டு அந்தக் கொக்கிகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றவற்றுக்கு ஒரே காரணம், முதல் பாதி வேலையைச் செய்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பாதியில் நின்ற நகர்த்தல், தொடங்கவே தொடங்காத நிலையைவிட மோசம். இப்போது இரண்டு வடிவம், எது சரி என்று ஒவ்வொரு புதியவரும் கேட்க வேண்டும்.

படிப்படி முறை பொருந்தும் இடம் ஒன்றுதான்: அழைப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்து, ஒவ்வொன்றிலும் யோசித்து முடிவெடுக்க வேண்டிய நிலை. உதாரணமாக மேலே சொன்ன ‘கெட் கரென்ட் ஃப்ரேம்’ காவல் மாதிரி ஒவ்வோர் அழைப்பிலும் ஏதாவது இருந்தால், ஒரே கமிட்டில் எல்லாவற்றையும் போட்டால் பரிசீலிப்பவர் கண் சோர்ந்துவிடுவார். அப்போதும், கடைசி அழிப்புக் கமிட் வரைக்கும் எழுதி முடித்து மொத்தத் தொடரையும் ஒன்றாகக் கொடுங்கள். ‘மீதியைப் பிறகு செய்கிறேன்’ என்று எழுதிய கையோடு மறந்தவர்களில் நானும் ஒருவன்.

இயல்பு மதிப்பு கொடுத்து மறைப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழைப்பவர்கள் எழுதத் தேவையில்லை, ஆனால் பாராமீட்டர் அங்கேயே இருக்கும். குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுவது. மேலே சொன்ன முதல் பொறிக்கு வழி அமைத்துக் கொடுப்பதும் இதுவே.

இனி கம்பைலரின் கண் எட்டவே எட்டாத பக்கம். 2009-இல் வந்த ஜிடிபி 7.0 பைத்தான் வசதியைக் கொண்டுவந்தது. பைத்தானில் புதுக் கமாண்ட் எழுதுபவர் ‘இன்வோக்’ என்றொரு மெத்தட் எழுத வேண்டும். அதற்கு வரும் பாராமீட்டர்கள் தட்டிய சொற்களும் அதே பழைய ‘ஃப்ரம் டிடிஒய்’யும். உள்ளே அன்றைய சி நிரலில் இருந்த வடிவம் அப்படியே வெளியே கசிந்து, கையேட்டிலும் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அது ஜிடிபியின் சொத்து இல்லை. லினக்ஸ் கெர்னல் மூலநிரலில் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ அடைவுக்குள் ஜிடிபிக்கு என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. ‘எல்எக்ஸ் டிமெசேஜ்’, ‘எல்எக்ஸ் பிஎஸ்’ போன்ற கமாண்டுகள் அதில்தான் இருக்கின்றன. எல்லாம் இந்த இரண்டு பாராமீட்டர் வடிவத்தில் எழுதப்பட்டவை. இதுபோக, உலகம் முழுக்கத் தனித்தனி ஆட்களின் ஹோம் அடைவில் எத்தனை கோப்புகள் என்று யாருக்குத் தெரியும்? அவற்றில் பெரும்பாலானவை ‘ஃப்ரம் டிடிஒய்’யைப் படிக்காது. ஆனாலும் ஜிடிபி ஒரு மதிப்பைக் குறைத்து அனுப்பினால் ஒவ்வொன்றும் பிழை கொடுத்து நிற்கும். இங்கே ஒரே வெட்டு என்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

எல்எல்டிபி என்ற இன்னொரு டிபக்கர் இந்தச் சிக்கலை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால் ஒப்பிட நன்றாக இருக்கும். அதில் உள் நிரலுக்கும் வெளியே காட்டும் ‘எஸ்பி’ கிளாஸ்களுக்கும் நடுவில் கோடு கிழித்திருக்கிறார்கள். கோட்டுக்கு உள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே இருக்கும் ஃபங்ஷனின் வடிவத்தைத் தொடக் கூடாது, புதியதைப் பக்கத்தில் சேர்க்க மட்டும் செய்யலாம். அதனால்தான் ‘எஸ்பி டார்கெட்’ கிளாஸில் பத்துப் பாராமீட்டர் கொண்ட ‘லான்ச்’ இன்னும் நிற்கிறது. பக்கத்திலேயே, எல்லாவற்றையும் ஒரே தகவல் பொருளில் போட்டுக் கொடுக்கும் இரண்டு பாராமீட்டர் ‘லான்ச்’சும் நிற்கிறது. அசிங்கம்தான், ஆனால் பழைய நிரல் எதுவும் உடையவில்லை. பைத்தான் கமாண்டுகளிலும் இதே மனப்பான்மை: முதலில் நான்கு பாராமீட்டர் வடிவம், பிறகு ஐந்து பாராமீட்டர் வடிவம் வந்தது. எழுதியவரின் ஃபங்ஷன் எத்தனை வாங்குகிறது என்று எல்எல்டிபியே எண்ணிப் பார்த்து அதற்குத் தக்கபடி அழைக்கிறது. இரண்டு வடிவத்திலும் கடைசியில் வரும் ‘இன்டர்னல் டிக்ட்’டை யாராவது தொட்டு நான் பார்த்ததில்லை. அது போகப்போவதும் இல்லை.

ஜிடிபியின் சி++ உள்பக்கத்துக்கு அப்படி ஒரு வாக்குறுதி கிடையாது. சிப் தயாரிப்பவர்கள் தங்கள் ப்ராசசருக்கான ஜிடிபியை வெளியே தனியாக வைத்திருப்பது சகஜம். புதுப் பதிப்புக்கு ஏறும்போது உடைவதை அவர்களே சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது வழக்கம். அவர்களுக்காகப் பழைய பாராமீட்டரைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் நிரல் சத்தமாக உடைய வேண்டும், சத்தமில்லாமல் தப்பாக ஓடக் கூடாது. அதனால், எடுத்த பிறகு மீதிப் பாராமீட்டர்களின் இடம் நகர்ந்து, பழைய அழைப்பு புது அர்த்தத்தில் கம்பைல் ஆக வாய்ப்பிருந்தால், தற்காலிகமாக வைத்த புதுப் பெயரையே நிரந்தரமாக்கிவிடுவேன். பெயர் நன்றாக இல்லை என்று பரிசீலிப்பவர் சொன்னால் வேறு பெயர் தேடுவேன், பழையதற்குத் திரும்ப மாட்டேன்.

கருவிகள் பற்றிக் கொஞ்சம். நிரலைச் சோதிக்கும் கிளாங்-டைடியில் பயன்படாத பாராமீட்டரைக் கண்டுபிடிக்கும் சோதனை உண்டு. அழைப்பவர் எல்லோரும் அதே கோப்பில் இருந்தால் அதுவே எடுத்தும் கொடுக்கும். இல்லையென்றால் பெயரை மட்டும் கமென்ட்டாக்கிவிட்டு ஒதுங்கும். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும், தன் கண் எட்டும் தூரம் அதற்குத் தெரிந்திருக்கிறது. ஒரே விதியால் நிரலின் பல இடங்களை மாற்றும் காக்சினெல் கெர்னல்காரர்களின் செல்லம். சி நிரலில் இந்த வேலையை அழகாகச் செய்யும், ஆனால் இன்றைய ஜிடிபி சி++, அங்கே அதை நம்பி இறங்க மாட்டேன். நாற்பது அழைப்பு வரைக்கும் கையால் செய்வதே வேகம். நானூறு என்றால் ஸ்கிரிப்ட் எழுதுங்கள், அந்த ஸ்கிரிப்ட்டைக் கமிட் செய்தியிலேயே ஒட்டுங்கள். பரிசீலிப்பவர் நானூறு வரியைப் படிப்பதற்குப் பதில் பத்து வரி ஸ்கிரிப்ட்டைப் படித்துவிட்டு, தானே ஓட்டி ஒப்பிட்டுக்கொள்வார்.

இவ்வளவு வரிகளைத் தொட்டால் ‘கிட் பிளேம்’ கெட்டுப்போகுமே என்று ஒரு வாதம் வரும். வரி யார் எழுதியது என்று பார்த்தால் துப்புரவு செய்தவர் பெயர்தான் வரும், உண்மைதான். 2019-இல் வந்த கிட் 2.23 முதல், குறிப்பிட்ட கமிட்டுகளைப் பொருட்படுத்தாதே என்று பிளேமிடம் சொல்ல முடியும். ஆகவே இந்த வாதத்துக்கு இப்போது அவ்வளவு எடை இல்லை.

‘செயல்பாட்டில் மாற்றம் இல்லை’ என்று கமிட் செய்தியில் எழுதும் முன் டெஸ்ட் தொகுப்பை முன்னும் பின்னும் ஓட்டி, இரண்டு முறையும் கிடைக்கும் ‘சம்’ (முடிவுச் சுருக்க) கோப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜிடிபியின் டெஸ்ட்டுகளில் சில, இயந்திரத்தின் மனநிலையைப் பொறுத்து விழுந்தும் எழுந்தும் விளையாடும். எனவே ஒரு வித்தியாசம் தெரிந்ததும் பதற வேண்டாம், அந்த டெஸ்ட்டை மட்டும் நாலு முறை ஓட்டிப் பாருங்கள். கையால் தட்டிப் பார்க்கவும் வேண்டும், என் ‘வெர்போஸ்’ கதை நினைவிருக்கட்டும்.

செய்தியில் இன்னும் ஒன்று இருக்க வேண்டும்: அந்தப் பாராமீட்டரைக் கடைசியாகப் படித்த வரி எந்தக் கமிட்டில் போனது என்ற எண். ‘யாரும் பயன்படுத்தவில்லை’ என்று மட்டும் எழுதினால், 2014-இன் ‘செல்ஃப்’ மாதிரி ஒன்றா இது என்ற சந்தேகம் பரிசீலிப்பவருக்கு வரும். அவரும் அதே பத்து நிமிஷம் தேட வேண்டியிருக்கும். எண் இருந்தால் ஒரே சொடுக்கு.